வாடை வந்த பிறகும் மழை உண்டு: பூதப்பாண்டி வட்டாரத்துக்கு ஒரு பனிக்கால வானிலை வழிகாட்டி

மார்கழியில் தொலைக்காட்சியைத் திறந்தால் டெல்லியில் மூடுபனி, காஷ்மீரில் பனிப்பொழிவு, ஊட்டியில் உறைபனி என்று செய்தி ஓடும். அதைப் பார்த்துவிட்டு, ‘மழை முடிந்தது, இனிமேல் பனிதான்’ என்று பூதப்பாண்டியில் ஒருவர் முடிவு கட்டினால் அவருடைய கும்பப்பூ நெல்லுக்கு அது நல்லதல்ல. வடக்கே குளிர் இறங்கும் அதே வாரத்தில் குமரிக்கடலில் மேகம் திரளலாம். திரண்டும் இருக்கிறது. எனவே தோவாளை வட்டாரத்தில் வயலோ வாழையோ வைத்திருப்பவர்கள் கார்த்திகைக் கடைசி முதல் மாசி அறுப்பு வரை வானிலைச் செய்தியை எப்படிப் படிக்க வேண்டும், எதை வைத்து எந்த முடிவை எடுக்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், வடக்கத்திக் குளிர் நமக்கு எப்படி வந்து சேருகிறது

மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் மேற்கத்திய இடையூறுகள் இமயமலையில் பனியையும் பஞ்சாப் பக்கம் மழையையும் கொட்டிவிட்டுக் கிழக்கே நகர்ந்துவிடும். அவை கடந்து போன பின் வறண்ட குளிர்காற்று சமவெளியில் இறங்கும். டெல்லி நடுங்குவது அப்போதுதான். அந்தக் குளிர் அப்படியே நாஞ்சில் நாடு வரை வருவதில்லை. வழியெல்லாம் வெயிலில் காய்ந்தும் வங்கக்கடலின் வெதுவெதுப்பில் நனைந்தும் அதன் கடுமை தீர்ந்துவிடும். நம்மை வந்தடைவது வாடைக்காற்று மட்டுமே.

வாடைக்கு இரண்டு குணம் உண்டு. நிலத்தின் மேல் வந்தால் வறட்சி: உதடு வெடிக்கும், இரவில் வானம் தெளியும், விடியலில் பனி கொட்டும். கடலின் மேல் வந்தால் ஈரத்தை அள்ளிக்கொள்ளும். அப்படி ஈரம் சுமந்த காற்று இலங்கைக்குத் தெற்கே, குமரிக்கடலில், மாலத்தீவுப் பக்கம் எங்காவது வேகம் குறைந்தோ சுழன்றோ நின்றால் தென்கோடி மாவட்டங்களில் மழை பிடிக்கும். வடக்கே குளிர் கூடும்போது கடல்மேல் வாடையின் வேகமும் கூடுவதால், அந்தச் சுழற்சிக்குச் சில வேளை கூடுதல் ஈரமே கிடைக்கும். ஊட்டியில் உறைபனியும் பாலமோரில் மழையும் ஒரே வாரத்தில் வருவதில் முரண்பாடு ஏதும் இல்லை.

2021 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். பொங்கலை ஒட்டிப் பெய்த மழையில் தாமிரபரணியில் வெள்ளம் ஓடியது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் அறுப்புக்கு நின்ற நெல் சாய்ந்து முளைத்தது. 2025இல் வடகிழக்குப் பருவமழை விலகியதாக வானிலை ஆய்வு மையம் அறிவித்தது ஜனவரி 27 அன்று, அதாவது தை பாதி நெருங்கிய பிறகு. காலண்டரில் டிசம்பர் 31 வந்ததும் மழைக்கணக்கு முடியும். மழை அந்தக் கணக்குப்படி நிற்காது.

அறிக்கையில் எந்த வரியைப் படிப்பது

சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கும் மண்டல வானிலை ஆய்வு மையம் நாள்தோறும் தமிழில் அறிக்கை தருகிறது. பலரும் அதில் ‘கன்னியாகுமரி’ என்ற பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் முதல் பத்தியைப் படியுங்கள். காரணம் அங்கேதான் இருக்கும். ‘குமரிக்கடல் பகுதியில் வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி நிலவுகிறது’ என்றோ, ‘கிழக்கு திசைக் காற்றின் வேக மாறுபாடு காரணமாக’ என்றோ எழுதியிருந்தால், மாவட்டப் பட்டியலில் நம் பெயர் இல்லாவிட்டாலும் அடுத்த இரண்டு மூன்று நாள் கவனமாக இருங்கள். ‘வறண்ட வானிலை நிலவக்கூடும், அதிகாலையில் பனிமூட்டம்’ என்று இருந்தால் உண்மையிலேயே வாடை பிடித்துவிட்டது.

அடுத்தது இடக்கணக்கு. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேல் போகாது என்று பொருள். ‘ஒருசில இடங்களில்’ என்றால் பாதி வரை. ‘அநேக இடங்களில்’ என்றால் பாதிக்கு மேல் முக்கால் வரை. ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் முக்காலுக்கும் மேல். எனவே ‘ஓரிரு இடங்களில் கனமழை’ என்று சொல்லி பூதப்பாண்டியில் ஒரு துளி விழாவிட்டால் அறிக்கை பொய்யாகிவிடாது. அந்த ஓரிடம் சுருளகோடாகவோ களியலாகவோ இருந்திருக்கும்.

மழையளவுக்கும் வரையறை இருக்கிறது. 24 மணி நேரத்தில் 15.5 மில்லிமீட்டர் வரை லேசான மழை. 64.4 வரை மிதமான மழை. 64.5 முதல் 115.5 வரை கனமழை. அதற்கு மேல் 204.4 வரை மிகக் கனமழை. அதையும் தாண்டினால் அதிகனமழை. இந்த 24 மணி நேரம் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. பத்திரிகையில் ‘நேற்றைய மழை’ என்று வருவதில் பெரும்பகுதி நேற்று முன்தினம் இரவு பெய்ததாகவும் இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாகர்கோவிலிலிருந்து சென்னை 700 கிலோமீட்டர், திருவனந்தபுரமோ 70 கிலோமீட்டர்கூட இல்லை. தும்பாவில் உள்ள ராடாரின் கண்ணில் நம் மாவட்டம் நன்றாகவே படும். அதனால் வானிலைத் துறையின் இணையதளத்தில் திருவனந்தபுரம் ராடார் படத்தையும், அந்த மாவட்டத்துக்கு விடும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கையையும் சேர்த்தே பாருங்கள். திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்த நாளில் குலசேகரத்தில் நெல் காயப்போடுவது புத்திசாலித்தனம் அல்ல.

‘புயல்’ என்ற சொல்லுக்காகக் காத்திருக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30ஆம் தேதி காலை கன்னியாகுமரி அருகே ஒக்கி புயலாகிவிட்டது. ஒரே நாள்தான். கடலுக்குள் இருந்த மீனவர்களுக்குத் திரும்ப நேரமில்லை. தூத்தூர் முதல் நீரோடி வரையுள்ள ஊர்கள் இன்றும் அந்தத் துயரத்தைச் சுமக்கின்றன. கரையில் வாழையும் ரப்பரும் மின்கம்பங்களும் சாய்ந்து, மாவட்டம் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது.

2023 டிசம்பர் 17, 18இல் நடந்தது இன்னும் கூர்ந்து படிக்க வேண்டியது. அப்போது குமரிக்கடல் பக்கம் இருந்தது புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை. வெறும் கீழடுக்குச் சுழற்சி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. நெல்லை, தூத்துக்குடி மூழ்கின, குமரியும் தென்காசியும் பாதிக்கப்பட்டன. பெயர் வைக்காத சுழற்சி பெயர் வைத்த பல புயல்களைவிட அதிக நீரைக் கொட்டியது.

நம் ஊர் கடலிலிருந்து தள்ளி இருப்பதால் மீனவர் எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. அதையும் படியுங்கள். குமரிக்கடலில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று என்று எழுதியிருந்தால், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே உள்ளே வரும் காற்றும் அன்று சும்மா இருக்காது. குலை தள்ளிய மட்டி வாழைக்கு முட்டுக் கொடுக்க வேண்டிய நாள் அது.

எந்த முடிவுக்கு எந்த முன்னறிவிப்பு

எல்லா முன்னறிவிப்பையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. நெல் காயப்போடலாமா, மருந்தடிக்கலாமா என்பதற்கு அன்றைய ராடார் படமும் 3 மணி நேர முன்னறிவிப்பும் போதும். மேலுரம் போடவும், அறுவடை வண்டிக்கு நாள் குறிக்கவும் 5 நாள் முன்னறிவிப்பு வேண்டும். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிவுரையில் மாவட்ட வாரியாக இது கிடைக்கும். ‘மேகதூத்’ செயலியிலும் பார்க்கலாம். இடிமின்னலுக்குத் ‘தாமினி’ இருக்கிறது.

அடுத்த இரண்டு வாரம் மொத்தத்தில் ஈரமா வறட்சியா என்று அறிய, வானிலைத் துறை வியாழன்தோறும் வெளியிடும் நீட்டித்த முன்னறிவிப்பைப் பாருங்கள். அதிலிருந்து ‘தை 10ஆம் தேதி மழை’ என்று நாள் எடுக்க முடியாது. ‘இந்த வாரத்தைவிட அடுத்த வாரம் காய்ச்சல் கூடுதல்’ என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பருவம் முழுவதற்குமான கணிப்பை வைத்து வயலில் ஒரு வேலையும் முடிவு செய்யாதீர்கள். எல் நினோ ஆண்டில் வடகிழக்கு மழை கூடும், லா நினா ஆண்டில் குறையும் என்பது பொதுவான போக்கு. 2021 லா நினா ஆண்டு. அந்த நவம்பரில்தான் குமரி மாவட்டம் வெள்ளத்தில் மிதந்தது, நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்தது. அந்தப் பருவத்தில் தமிழ்நாடு முழுவதும் இயல்பைவிட மிக அதிகமாகப் பெய்தது.

உங்கள் வாசலில் பார்க்க வேண்டியவை

அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது மாவட்டத்துக்கானது. உங்கள் வயலுக்கானதை நீங்களே பார்க்க வேண்டும். விடியலில் மூன்றைக் கவனியுங்கள்: பனி, காற்று, தாடகைமலை.

காற்றில்லாத, மேகமில்லாத இரவில் தரை சீக்கிரம் சூடிழக்கும். காலையில் நெல் இலையைத் தொட்டால் கை நனையும். வயலுக்கு மேல் முழங்கால் உயரத்தில் புகைபோல் மூட்டம் நிற்கும், வெயில் ஏறியதும் கலையும். இது வறண்ட வானிலையின் கையெழுத்து. இப்படி நாலைந்து நாள் தொடர்ந்துவிட்டு, ஒரு நாள் விடியலில் திடீரென்று இலை காய்ந்து கிடந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். இரவில் மேகம் போர்த்தியிருக்கிறது அல்லது காற்று விடாமல் வீசியிருக்கிறது என்று அர்த்தம். கூடவே கிழக்குக் காற்றில் ஈரம் தட்டி, தாடகைமலை உச்சி வெயில் ஏறிய பிறகும் மேகத்துக்குள்ளேயே இருந்தால், அன்றைய அறிக்கையை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். ஐப்பசித் துலாமழையைப் போல் மதியத்துக்கு மேல் இடி இடித்து முன்கூட்டிச் சொல்லிவிட்டு இது வராது. சுழற்சி மழைக்கு இரவு பகல் இல்லை.

மழையை அளந்து எழுதுங்கள். நேர்ச்சுவர் கொண்ட ஒரு டப்பா போதும். வாயும் அடியும் ஒரே அகலம் இருக்க வேண்டும். மரமோ கூரையோ பக்கத்தில் இல்லாத திறந்த இடத்தில் சாயாமல் வையுங்கள். தினமும் காலை 8.30க்கு ஸ்கேலை நிறுத்தி மில்லிமீட்டரில் படித்து, எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். 1 மில்லிமீட்டர் என்பது 1 சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 25 மில்லிமீட்டர் பெய்தால் 1 சென்ட் நிலத்தில் சுமார் 1,000 லிட்டர், 1 ஏக்கரில் சுமார் 1 லட்சம் லிட்டர் விழுந்திருக்கிறது. அந்த எண் கையில் இருந்தால் மடையை எத்தனை நாள் அடைக்கலாம் என்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம். நாளிதழில் வரும் பூதப்பாண்டி அளவோடு உங்கள் அளவை ஒப்பிட்டுக்கொண்டே வாருங்கள். இரண்டு மூன்று பருவத்தில் உங்கள் வயலுக்கும் அந்த நிலையத்துக்கும் உள்ள வித்தியாசம் பிடிபடும்.

ஆறும் அணையும்

பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு அணைகள் 18 அடி. நீர்மட்டத்தைத் தினமும் பத்திரிகையில் போடுகிறார்கள். பாசனத்துக்கு அது முக்கியம். ஆனால் வெள்ளத்துக்குப் பூதப்பாண்டிக்காரர் பார்க்க வேண்டிய எண் வேறு. பேச்சிப்பாறையில் உபரிநீர் திறந்தால் அது கோதையாற்று வழியே திற்பரப்பு, குழித்துறைப் பக்கம் போகும். நம் ஊரைத் தொட்டு ஓடுவது பழையாறு. அது சுருளகோட்டுப் பக்கம் தொடங்குகிறது. சுருளகோட்டிலும் அதை ஒட்டிய மலையிலும் இரவெல்லாம் பெய்திருந்தால், நம் ஊரில் வானம் வெளுத்திருந்தாலும் ஆற்றங்கரையில் மோட்டாரையும் மாட்டையும் விட்டு வைக்காதீர்கள். ஆறு பொங்கி, கரை உடையும் நிலை வந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

கால்வாய்களில் வழக்கமாக ஜூன் முதல் பிப்ரவரி 28 வரைதான் தண்ணீர் வரும். கும்பப்பூவை நேரம் தவறி நட்டவர்களுக்குத் தைக் கடைசியில் மழையும் இல்லாமல் சானலும் அடைபடும் நெருக்கடி வரும். நீட்டித்த முன்னறிவிப்பு வறட்சி காட்டினால், குளத்தில் இருக்கும் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவது பற்றி ஏலாக்காரர்கள் அந்த வாரமே பேசி முடிவெடுங்கள்.

கும்பப்பூவுக்கு

மார்கழியில் பயிர் பொதி கட்டும், தையில் பூத்துப் பால் பிடிக்கும், மாசியில் அறுப்பு. பனிக்காலத்தின் ஒவ்வொரு குணமும் இந்த மூன்று கட்டங்களில் ஒன்றைத் தொடும்.

இரவு குளிர்ந்து, இலையில் பனி நெடுநேரம் நின்று, பகலில் மூடாப்பும் தூறலுமாக இருந்தால் குலைநோய்க்கு அதைவிட ஏற்ற காலம் இல்லை. தழைச்சத்து மிஞ்சிய கரும்பச்சை வயல்தான் முதலில் விழும். ஆகவே அப்படி ஒரு வாரம் வருகிறது என்று தெரிந்தால் யூரியாவை நிறுத்தி வையுங்கள். இலையில் கண் வடிவத்தில், நடுவில் சாம்பல் நிறமாகப் புள்ளி தெரிகிறதா என்று வரப்போரத்தில் மட்டும் பார்க்காமல் உள்ளே இறங்கிப் பாருங்கள். தெரிந்தால் இலையைப் பறித்துக்கொண்டு திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க் காட்டி, அவர்கள் சொல்லும் மருந்தை அவர்கள் சொல்லும் அளவில் அடியுங்கள். கடைக்காரர் கைக்கு வந்ததை வாங்கி அடிப்பதில் காசும் போகும், நாளும் போகும்.

மருந்தடிக்கும் நேரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதிகம் வீணாவது இதில்தான். பனிக்காலத்தில் காலை 9 மணி வரை இலை ஈரம். அதற்கு முன் அடித்தால் மருந்து பனிநீரோடு வழிந்து தரைக்குப் போகும். 9 மணிக்கு மேல் மதியம் வரை நெல் பூ விரியும் நேரம். அப்போது அடித்தால் மகரந்தம் கெட்டுப் பதர் கூடும். எனவே பூக்கும் வாரத்தில் மாலை 3 மணிக்கு மேல்தான் சரியான நேரம். அடித்த பின் அன்றிரவு மழைக்கு வாய்ப்பில்லை என்பதை அன்றைய அறிக்கையிலும் திருவனந்தபுரம் ராடாரிலும் பார்த்துவிட்டு டேங்கைத் தோளில் ஏற்றுங்கள்.

அறுப்புக்கு 10 நாள் முன்னால் தண்ணீரை வடித்துவிடுங்கள். அந்த 10 நாளுக்குள் சுழற்சி ஏதும் வருகிறதா என்று பார்த்து, வடிகாலை முன்கூட்டியே வெட்டி வையுங்கள். வயல் காய்ந்து கெட்டியாக இருந்தால் டயர் வண்டி போதும். ஈரமாக இருந்தால் செயின் வண்டி வேண்டும், வாடகையும் கூடுதல். 5 நாள் முன்னறிவிப்பில் மழை இருந்து, நெல்லும் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் முற்றியிருந்தால், இன்னும் மணி பழுக்கட்டும் என்று காக்காமல் அறுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. சாய்ந்து முளைத்த நெல்லுக்கு விலை கிடையாது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் வரைதான் எடுப்பார்கள் என்பதால் காயப்போட இடமும் தார்ப்பாயும் முன்பே தயாராக இருக்க வேண்டும்.

மற்றவை

மலையோரத்தில் கிராம்பு வைத்திருப்பவர்களுக்கு இதுதான் மொட்டுப் பறிக்கும் காலம். பறித்தபின் நாலைந்து நாள் நல்ல வெயில் வேண்டும். வாடை பிடித்த வாரத்தில் பறியுங்கள். கீரிப்பாறை, தடிக்காரன்கோணம் பக்கம் ரப்பருக்கு மார்கழிக் குளிர் நல்லது, பால் கூடும். இலை உதிர்ந்து புதுத்தளிர் வரும் மாசியில் பனியும் மூடாப்பும் நீடித்தால் சாம்பல் நோய் வரும், தளிரைக் கவனியுங்கள். தோவாளைப் பூக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பனியில் பிச்சியும் மல்லியும் வரத்து குறையும், தை முகூர்த்தத்தில் விலை ஏறும்.

வயதானவர்களும் இழுப்பு உள்ளவர்களும் விடியற்காலைக் கோவில் நடையை வெயில் வந்தபின் வைத்துக்கொள்வது நல்லது. பைக்கில் ஆரல்வாய்மொழிப் பக்கம் அதிகாலையில் போகிறவர்கள் மூட்டத்தில் முகப்பு விளக்கைத் தாழ்த்தி வையுங்கள். உயர்த்தினால் வெளிச்சம் மூட்டத்தில் பட்டு உங்கள் கண்ணையே மறைக்கும்.

எல்லாம் பார்த்தும் மழை வந்துவிட்டால்

பயிர்க் காப்பீடு செய்திருந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறுத்து வயலில் காயப்போட்ட நெல் 14 நாளுக்குள் பருவம் தவறிய மழையில் நனைந்தால் இழப்பீடு கேட்க வழி உண்டு. ஆனால் சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எண் 14447. நனைந்த நெல்லை அள்ளுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பட்டா எண்ணையும் காப்பீட்டு ரசீதையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். வேளாண் உதவி அலுவலருக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். நம் ஊரில் பலர் நெல்லைக் காப்பாற்றும் பரபரப்பில் மூன்று நாளைத் தாண்டிவிடுகிறார்கள். வீட்டில் படித்த பிள்ளை ஒருவரிடம் இந்த ஒரு வேலையை இப்போதே ஒப்படைத்து வையுங்கள்.